அடிக்கடி நெஞ்செரிச்சலா? சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்துகளை எப்படி, எப்போது, எத்தனை நாள் எடுப்பது

வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ நெஞ்சு எரிகிறது, வாயில் புளிப்பு ஏறுகிறது, இரவில் படுத்தால் தொண்டை வரை எதுக்களித்துக்கொண்டு வருகிறது என்றால், எப்போதாவது வந்து போகிற தொந்தரவு என்ற கணக்கை அது தாண்டிவிட்டது. இதற்கு டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மருந்துக்கடையில் ஒரே அலமாரியில் வரிசையாக இருக்கும் அந்தப் பெட்டிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று சில நிமிடங்களில் கேட்கும், இன்னொன்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், மூன்றாவது முழுதாக வேலை செய்யத் தொடங்க நாலு நாள்கூட ஆகலாம். இது தெரியாமல் நல்ல மருந்தைத் தவறான நேரத்தில் விழுங்கிவிட்டு, ‘எனக்கு எதுவுமே கேட்கவில்லை’ என்று அடுத்த பெட்டிக்குத் தாவுகிறவர்கள் நிறைய. மருந்தின் பெயரைவிட அதை எடுக்கும் நேரம்தான் முக்கியம். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில், இது நெஞ்செரிச்சல்தானா என்று பாருங்கள்

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை முடித்துவிடுவோம். நெஞ்செரிச்சல் பொதுவாக மார்பெலும்புக்குப் பின்னால், வயிற்றின் மேல்பகுதியில் தொடங்கிக் கழுத்தை நோக்கி ஏறும். சாப்பிட்ட பிறகு, குனியும்போது, படுக்கும்போது அதிகமாகும். ஆனால் மாரடைப்பும் சில நேரம் இதே இடத்தில், இதே மாதிரி எரிச்சலாகவே தொடங்கலாம். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், நடந்தாலோ படியேறினாலோ அதிகமாகி நின்றால் குறையும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ‘கேஸ்தான்’ என்று சொல்லி விடியும்வரை காத்திருப்பதில் உயிரே போகலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வழக்கமான அறிகுறிகள் இல்லாமலே வரக்கூடும் என்பதால் இவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அவசரம் இல்லாவிட்டாலும் சுயமாக மருந்து எடுக்காமல் நேராக டாக்டரிடம் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு: விழுங்கும்போது உணவு சிக்குவது அல்லது வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, ரத்தசோகை, 55 வயதுக்கு மேல் முதல்முறையாக இந்தத் தொந்தரவு தொடங்குவது. ரத்த வாந்தி, காபித்தூள் போன்ற வாந்தி, தார் போலக் கறுத்த மலம் என்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதை எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்துகளின் நேரக்கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. உணவு கீழே போகும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அது நேரமில்லாத நேரத்தில் தளர்ந்தால் இரைப்பையில் இருக்கும் அமிலம் மேலே ஏறும். இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்படலத்தின் பாதுகாப்பு இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் எரிகிறது. ஆக, பலருக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பது பிரச்சினையே இல்லை, சரியான அளவில் சுரக்கும் அமிலம் தவறான இடத்துக்குப் போவதுதான் பிரச்சினை. மருந்துகள் அந்த அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கும். வளையத் தசையைச் சரிசெய்யும் மருந்து எதுவும் இந்த அலமாரியில் இல்லை. மருந்தை நிறுத்தியதும் பழையபடி வந்துவிடுகிறதே என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்

மருந்து வாங்குவதற்கு முன் ஒரு வாரம், போனிலோ ஒரு தாளிலோ மூன்றே விஷயம் எழுதுங்கள்: எப்போது எரிந்தது, அதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், அப்போது உட்கார்ந்திருந்தீர்களா படுத்திருந்தீர்களா. இதோடு நீங்கள் வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதிவிடுங்கள். எந்த வகை மருந்து உங்களுக்குப் பொருந்தும் என்பதை இந்தக் குறிப்புதான் சொல்லும். எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால் அந்த வாரத்தில் ஆன்டாசிட் (அமிலத்தை உடனே முறிக்கும் மருந்து) எடுத்துக்கொள்ளலாம், அதையும் குறித்துவிட்டால் போதும்.

அலமாரியில் இருப்பவை

1. ஆன்டாசிட். கால்சியம் கார்பனேட், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு, சோடியம் பைகார்பனேட் இவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்தது. மென்று தின்னும் மாத்திரை, பாட்டில் மருந்து, தண்ணீரில் கரைக்கும் தூள் என்று பல வடிவங்களில் வரும். ஏற்கெனவே சுரந்து நிற்கும் அமிலத்தை நேரடியாக முறிப்பதால் சில நிமிடங்களில் இதம் தெரியும். வெறும் வயிற்றில் எடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இரைப்பையைவிட்டுப் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் உணவோடு தங்கி இரண்டு மூன்று மணி நேரம்வரை கேட்கும். மாத்திரை என்றால் நன்றாக மென்று விழுங்குங்கள், முழுதாக விழுங்கினால் பாதி பயன்தான்.

மெக்னீசியம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், அலுமினியமும் கால்சியமும் மலச்சிக்கலை உண்டாக்கும். பல பாட்டில் மருந்துகளில் மெக்னீசியத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தே வைத்திருப்பதற்கு இதுதான் காரணம், ஒன்றை ஒன்று சமன் செய்யட்டும் என்று. சோடியம் பைகார்பனேட்டில் உப்புச்சத்து அதிகம். ரத்தக்கொதிப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு இதைக் குடிக்கவும் கூடாது, அமிலத்தோடு சேர்ந்து ஒரேயடியாக வாயு கிளம்பும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும் சில ஆன்டாசிட்களில் ஆஸ்பிரின் கலந்திருக்கும். அப்படிப்பட்டவற்றால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. நெஞ்செரிச்சலுக்கு ஆஸ்பிரின் தேவையே இல்லை, பெட்டியின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

2. ஆல்ஜினேட். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். பெரும்பாலும் ஆன்டாசிட்டோடு சேர்த்தே விற்கிறார்கள். இரைப்பை அமிலத்தைத் தொட்டதும் ஜெல் போலத் திரண்டு உணவின் மேல் மிதக்கும். சாப்பிட்ட பிறகு அமிலம் உணவின் மேற்பரப்பில், அந்த வளையத் தசைக்குக் கீழேயே தேங்கி நிற்கும் என்பதால் இந்த மிதக்கும் அடுக்கு சரியான இடத்தில் தடுப்பாக உட்காருகிறது. எனவே எடுக்க வேண்டிய நேரம் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப் போகும் முன்பும். புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுவதுதான் உங்கள் முக்கியத் தொந்தரவு என்றால் சாதாரண ஆன்டாசிட்டைவிட இதற்கே என் ஓட்டு. இதிலும் சோடியம் உண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் லேபிளைப் பாருங்கள்.

3. ஹெச்2 தடுப்பிகள். இப்போது அதிகம் கிடைப்பது ஃபாமோடிடின், சீட்டில்லாமல் 10 மி.கி. அல்லது 20 மி.கி. இது அமிலத்தை முறிப்பதில்லை, சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் சமிக்ஞைகளில் ஒன்றைத் தடுக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம்வரை நிற்கும். அதனால் ‘இன்று இரவு விருந்து, நிச்சயம் எரியும்’ என்று முன்கூட்டியே தெரிந்தால் சாப்பிடுவதற்கு 15 முதல் 60 நிமிடம் முன்பு ஒன்று போட்டுக்கொள்ளலாம். இரவில் மட்டும் எரிகிறவர்களுக்கும் பொருத்தமானது. ஆனால் தினமும் விடாமல் எடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடல் பழகிப்போய் மருந்தின் பலன் குறையும். தேவைப்படும்போது மட்டும் எடுப்பவர்களுக்குத்தான் இது நன்றாக உதவும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த சிமெடிடின் வார்ஃபரின், தியோஃபிலின், ஃபெனிடாயின் போன்ற பல மருந்துகளோடு மோதும் என்பதால் வேறு மருந்து எடுப்பவர்களுக்கு ஃபாமோடிடினே பாதுகாப்பானது. ரானிடிடின் என்ற பழைய மருந்து வீட்டில் எங்காவது கிடந்தால் அதை எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற பொருள் அதில் நாளாக ஆக, சூட்டில் இருக்க இருக்க அதிகமாகிறது என்று தெரிந்து 2020இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே அதை எடுக்கச் சொன்னார்கள்.

4. பி.பி.ஐ. எனப்படும் புரோட்டான் பம்ப் தடுப்பிகள். ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல், லான்சோப்ரசோல், பான்டோப்ரசோல் என்று ‘ப்ரசோல்’ என முடிபவை. இவற்றில் எது சீட்டில்லாமல் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமிலத்தைக் குறைப்பதில் இவைதான் மிக வலிமையானவை. அதிகமாகத் தவறாக எடுக்கப்படுபவையும் இவையே, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரைப்பைச் சுவரில் இருக்கும் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. பி.பி.ஐ. அந்தப் பம்போடு ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக நிறுத்திவிடும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பிடிக்க முடியும். பம்புகள் அதிக எண்ணிக்கையில் ஓடுவது நீங்கள் சாப்பிடும்போது. மருந்தோ ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் போதிய அளவில் இருக்கும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டுமானால் சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன், வெறும் வயிற்றில் மாத்திரை போயிருக்க வேண்டும். காலை உணவுக்கு முன் என்பது வழக்கம், ஏனென்றால் இரவு முழுக்கப் பட்டினி இருந்த பிறகுதான் பம்புகள் அதிகம் தயாராகி நிற்கின்றன. சாப்பிட்டு முடித்துவிட்டு எடுப்பது, படுக்கப் போகும்போது எடுப்பது, மாத்திரை போட்டுவிட்டு மதியம்வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது, மூன்றுமே மருந்தைப் பாதிக்குப் பாதி வீணாக்கும் வேலை. எரியும்போது ஒன்று போட்டால் உடனே நிற்கும் என்று எதிர்பார்ப்பதும் அப்படித்தான். முதல் நாளில் எல்லாப் பம்புகளும் சிக்குவதில்லை, புதுப் பம்புகளும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன, எனவே முழுப் பலன் தெரிய 1 முதல் 4 நாள் ஆகும்.

காப்ஸ்யூலையோ மாத்திரையையோ உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள், பொடி செய்யாதீர்கள். மேலே பூசியிருக்கும் உறை, இரைப்பை அமிலம் மருந்தைச் சிதைத்துவிடாமல் குடல்வரை கொண்டுபோவதற்காக இருக்கிறது. வாந்தி, குமட்டலுக்கான டாம்பெரிடோன் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்த்த காப்ஸ்யூல்களும் சில இடங்களில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சுயமாக எடுக்கவே வேண்டாம். டாம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

சரி, உங்களுக்கு எது?

இப்போது அந்த ஒரு வாரக் குறிப்பை எடுங்கள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை, அதுவும் குறிப்பிட்ட சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் ஆன்டாசிட்டோ ஆல்ஜினேட்டோ போதும், அதற்கு மேல் போக வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு முறை வருகிறது, எப்போது வரும் என்று ஊகிக்க முடிகிறது என்றால் ஃபாமோடிடினை முன்கூட்டியே எடுங்கள். வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ, சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது என்றால் பி.பி.ஐ. 14 நாள். எரிச்சல் நாள் தவறாமல் வரும்போது வேளைக்கு ஒரு ஆன்டாசிட் என்று ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இடைவெளிகளில் உணவுக்குழாயின் புண் ஆறவே ஆறாது, கால்சியம் கார்பனேட்டை அளவுக்கு மீறி நாள்கணக்கில் தின்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆன்டாசிட்டை முழு அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று லேபிள்களில் போட்டிருப்பதும் சும்மா இல்லை.

14 நாள் எப்படிப் போகும்

ஒரு பெட்டி, ஒரு மருந்து, தினமும் ஒரு மாத்திரை. சீட்டில்லாமல் கிடைக்கும் அளவு ஒமிப்ரசோல் என்றால் வழக்கமாக 20 மி.கி., லான்சோப்ரசோல் என்றால் 15 மி.கி. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் காலை உணவைச் சாப்பிடுங்கள். பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தால் மறக்காது.

முதல் மூன்று நான்கு நாள் எரிச்சல் தொடரத்தான் செய்யும். அப்போது மனம் தளர்ந்து நிறுத்திவிடாமல், எரிந்தால் ஆன்டாசிட்டோ ஆல்ஜினேட்டோ சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து குறைவது தெரிய வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று எட்டாம் நாளே நிறுத்தவும் வேண்டாம், 14 நாளையும் முடியுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டு போடக் கூடாது. சிலருக்குத் தலைவலி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரலாம், பெரும்பாலும் லேசாக வந்து போகும். தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர்போல விடாமல் வயிற்றுப்போக்கு போனாலும் டாக்டரைப் பாருங்கள், பி.பி.ஐ. எடுப்பவர்களுக்குக் குடலில் சி.டிஃபிசில் என்ற கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

இரண்டு வாரம் சரியான நேரத்தில் எடுத்தும் குறையவில்லை என்றால் இன்னொரு பெட்டி வாங்காதீர்கள், அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம். குறைந்து, ஆனால் நிறுத்திய சில வாரத்தில் மறுபடி தொடங்கினாலும் அதே பதில்தான். அமெரிக்காவில் விற்கும் பெட்டிகளில் 14 நாள் சுற்றை நாலு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். உங்கள் கையில் இருக்கும் பெட்டியின் கணக்கு கொஞ்சம் மாறலாம், ஆனால் ஒரு வரம்பு கட்டாயம் இருக்கும், அதைப் படியுங்கள்.

நிறுத்தும்போது எரிந்தால்

14 நாளில் நிறுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து சில நாளோ சில வாரமோ எரிச்சல் கடுமையாகும். 2009இல் வெளிவந்த ஒரு டேனிஷ் ஆய்வில் நெஞ்செரிச்சலே இல்லாத, நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களுக்கு 8 வாரம் பி.பி.ஐ. கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள், அவர்களில் கணிசமானவர்களுக்கு நிறுத்திய பிறகு புதிதாக எரிச்சல் வந்தது. எனவே நிறுத்தியதும் எரிந்தால் ‘எனக்கு இது வாழ்நாள் மருந்து’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர்கள் டாக்டரிடம் கேட்டு, அளவைக் குறைத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கி, இடையில் எரியும்போது ஆல்ஜினேட்டையோ ஃபாமோடிடினையோ வைத்துச் சமாளிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பி.பி.ஐ. எலும்பைக் கரைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றெல்லாம் எங்கோ படித்துவிட்டு, டாக்டர் காரணத்தோடு கொடுத்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நீண்ட காலம் எடுப்பவர்களிடம் எலும்பு முறிவு, மெக்னீசியக் குறைவு, பி12 குறைவு, சிறுநீரகக் கோளாறு கொஞ்சம் அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அவற்றில் பல வெறும் தொடர்பாகக் காணப்பட்டவை, மருந்தால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாதவை. உணவுக்குழாயில் ஆழமான புண் இருப்பவருக்கும், பாரெட் எனப்படும் மாற்றம் (நாள்பட்ட அமிலத்தால் உணவுக்குழாயின் உட்படலம் மாறுவது) இருப்பவருக்கும், வலிநிவாரணி விடாமல் எடுத்தாக வேண்டிய முதியவருக்கும் அந்த மாத்திரை ரத்தக்கசிவு போன்ற பெரிய ஆபத்துகளைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். கேட்காமல் தொடர்வதும் தவறு, கேட்காமல் நிறுத்துவதும் தவறு.

நீங்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின், மார்புவலிக்கான நைட்ரேட், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடும். டாக்ஸிசைக்ளின், பொட்டாசியம் குளோரைடு, எலும்புக்கான அலென்ட்ரோனேட் மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே அரித்துவிடும், இவற்றை ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தை இதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள், பல நேரம் இருக்கும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஆன்டாசிட், தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்தையும் டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்கையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். பொதுவாக இரண்டு மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சிப்ரோஃப்ளாக்சசினை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல் எடுப்பவர்கள் ஒமிப்ரசோலையும் எசோமிப்ரசோலையும் தவிர்க்க வேண்டும், அவை குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். வார்ஃபரின், டிகாக்சின், மெத்தோட்ரெக்சேட், ஹெச்.ஐ.வி. மருந்துகள், பூஞ்சைத்தொற்று மாத்திரைகள் எடுப்பவர்கள் எந்தப் பெட்டியை வாங்கினாலும் முதலில் மருந்தாளரிடம் முழுப் பட்டியலையும் காட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிச்சல் மிகச் சாதாரணம். கால்சியம் ஆன்டாசிட்டோ ஆல்ஜினேட்டோ முதல் தேர்வு, சோடியம் பைகார்பனேட் கூடாது, அதற்கு மேல் எதுவானாலும் பார்க்கும் டாக்டரைக் கேட்டுத்தான். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வராமல் தடுக்க

மருந்து கேட்கும் 14 நாளும் இதற்கான நல்ல வாய்ப்பு. எரிச்சல் அடங்கியிருக்கும்போதே பழக்கங்களை மாற்றிவிட்டால் நிறுத்திய பிறகு திரும்ப வருவது குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பலன் அதிகம் உள்ளவற்றிலிருந்து தொடங்குங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதுதான் முதலிடம். வயிற்றில் சேரும் கொழுப்பு இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுகிறது. சில கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரிந்தவர்கள் உண்டு. அடுத்து, சாப்பிட்டு மூன்று மணி நேரம்வரை படுக்காமல் இருப்பது. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமாகவும் கொஞ்சமாகவும் வைத்துக்கொண்டால் இரவில் எரிகிறவர்களுக்கு இதுவே பாதி மருந்து.

மூன்றாவது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது. தலையணைகளை அடுக்கினால் இந்தப் பலன் கிடைக்காது. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். உடல் முழுவதும் சரிவாக இருக்க வேண்டும், கட்டிலை உயர்த்த முடியாதவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை தாங்கும் சாய்வு மெத்தையை வைத்துக்கொள்ளலாம். படுக்கும்போது இடப்பக்கம் திரும்பிப் படுங்கள், அந்த நிலையில் உணவுக்குழாய் சேருமிடம் அமிலத்தின் மட்டத்துக்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ்.

சாப்பாட்டு விஷயத்தில் நீளமான தடைப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணெய் மிகுந்த உணவு, சாக்லேட், புதினா, காபி, தக்காளி, எலுமிச்சை வகைகள், காரம், சோடா, மது இவையெல்லாம் பலருக்குத் தூண்டுதலாக இருக்கின்றன, ஆனால் ஒருவருக்கு எரிவது இன்னொருவருக்கு எரிவதில்லை. உங்கள் குறிப்பில் இரண்டு மூன்று முறை மாட்டிய உணவை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். குறைந்தால் அதுதான், குறையாவிட்டால் திரும்பச் சாப்பிடுங்கள். புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும், அது வளையத் தசையையும் தளர்த்தும், அமிலத்தைக் கழுவிவிடும் உமிழ்நீரையும் குறைக்கும். இடுப்பை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள். எரிந்தால் பால் குடிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு, அந்த நிமிடம் இதமாக இருக்கும், ஆனால் பாலில் இருக்கும் புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் இன்னும் அமிலத்தைச் சுரக்க வைக்கும். அதற்குப் பதில் சாப்பிட்ட பிறகு புதினா சேராத சூயிங்கம்மை அரை மணி மெல்லலாம், உமிழ்நீர் ஊறி உணவுக்குழாயைக் கழுவிவிடும்.

டாக்டரிடம் போகும்போது

அந்த ஒரு வாரக் குறிப்பையும், எந்த மருந்தை எத்தனை நாள், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு எடுத்தீர்கள் என்பதையும் கொண்டுபோங்கள். ‘கேஸ் மாத்திரை போட்டேன், கேட்கவில்லை’ என்று சொன்னால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘ஒமிப்ரசோல் 20, காலை உணவுக்கு முக்கால் மணி முன்பு, 14 நாள்’ என்று சொன்னால் அடுத்த கட்டத்துக்கு நேராகப் போகலாம். பல வருடமாக நெஞ்செரிச்சல் இருக்கிற, 50 வயதைத் தாண்டிய, புகைக்கிற அல்லது எடை அதிகமான ஆண்கள் எண்டோஸ்கோபி தேவையா என்று தாங்களே கேட்க வேண்டும், பாரெட் மாற்றம் இவர்களிடம்தான் அதிகம். குரல் கம்முவது, நாள்பட்ட வறட்டு இருமல், இரவில் மூச்சுத்திணறி எழுவது இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள், சில நேரம் காரணம் இந்த அமிலமாகவே இருக்கும்.

இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதிக் கொடுத்தால், நீங்கள் பி.பி.ஐ. எடுத்துக்கொண்டிருப்பதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து இருக்கும்போது கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம், அதனால் வழக்கமாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார்கள். அந்த இரண்டு வாரமும் எரிந்தால் ஆன்டாசிட் எடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.